கோட்டுக்கும் என் கைக்கும் நடுவே

1

இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் முடிந்த அன்று என் மனைவி சரோஜா சேமியா பாயசம் வைத்தாள். அதே வாரம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாயசம் ஒரே வேளையில் தீர்ந்துவிட்டது. கடித விஷயம் தீர ஏழு மாதம் ஆயிற்று. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏழுமலை. சித்தூர் ஜில்லாவில் விஜயபுரம் மண்டலம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அந்தப் பள்ளிக்கூடமும் ஐந்தாவதோடு சரி. என் நைனாவுக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாகக் கிடையாது. எனக்கு இன்றைக்கு மெல்பர்னில் பதினாலு ஆள் வேலை பார்க்கும் பெயிண்டிங் கம்பெனி இருக்கிறது. இந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்று கல்லெறிந்தாலும் நான் பூசின சுவரில்தான் படும். யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் கிடங்குக்கு ஒரு பக்கச் சுவர் உண்டு. அறுபது அடி நீளம், பதினாறு அடி உயரம், ஒரு விரிசல் கிடையாது. ரயிலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது. இந்தப் பகுதியில் பல தேசத்து ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் விளையாடிய விளையாட்டுகளை உங்கள் சுவரில் படமாக வரைய விரும்புகிறோம், சம்மதமா என்று நகரசபை கேட்டிருந்தது. கூடவே நிரப்பித் தரப் பதினொரு பக்கப் பாரம். சுவரின் வயது என்ன, அதில் வௌவால் குடியிருக்கிறதா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்றெல்லாம் கேள்வி. வௌவாலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"எனக்குச் சம்மதம். ஆனால் அதில் ஒரு ஆட்டம் என்னுடையதாக இருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். என் மகள் ஹேமா பாரத்தை நிரப்பினாள். இங்கிலீஷ் பாரம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவேன். குவைத்தில் பிறந்தவள், இங்கே படித்தவள், பிசியோவாக வேலை செய்கிறாள். தனியாக வேறு பகுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும் வருவாள். எங்களோடு பேசும் தமிழ் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது. என்னை நைனா என்று கூப்பிடுவது மட்டும் மிச்சம்.

கடைசிப் பக்கத்தில் 'படத்தில் வரும் நபரின் சாதனை' என்று ஒரு வரி. அவள் என்னைக் கேட்கக்கூட இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். 'கபடி இறுதி ஆட்டத்தில் கோட்டைத் தொட்டு வென்றவர்' என்று இங்கிலீஷில் எழுதினாள்.

2

அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.

தாராளமயம் என்ற வார்த்தை ரேடியோவில் அடிபட ஆரம்பித்த காலம். எங்கள் பக்கத்து டவுன்களில் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என் தொழில். எங்களுக்குப் பொங்கல்தான் சீசன். பண்டிகைக்கு முன்னால் பத்து நாள் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு மூன்று வீடு அடிப்பேன். எனக்கு ஈடாக அடிக்க எங்கள் மண்டலத்திலேயே ஆள் கிடையாது. பொங்கல் முடிந்த மறுநாள், மாட்டுப் பொங்கலான கனுமப் பண்டிகை அன்று, பாகாலா ஜங்ஷன் பக்கத்து மைதானத்தில் கபடி ஃபைனல். எங்கள் ஊர் டீம் லாரியில் போய் இறங்கினது.

இப்போது டிவியில் கலர் மெத்தை மேல், பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். எங்கள் காலத்தில் மண்தான். நடுக்கோட்டைச் சுண்ணாம்புத் தூளால் போடுவார்கள். பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் கபடி கபடி என்று எதிராளிகளின் பக்கம் போய், யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அவர்கள் பிடித்துவிட்டால், பிடித்தவர்களை இழுத்துக்கொண்டாவது வந்து நடுக்கோட்டைத் தொட வேண்டும். தொட்டால், பிடித்தவர்கள் எல்லோரும் அவுட். தொடாமல் மூச்சு விட்டால் இவன் அவுட். தொட்டானா இல்லையா என்று சண்டை வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவர் "கை காட்டு" என்பார். விரலில் வெள்ளை ஒட்டியிருந்தால் தொட்டான் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு. நான் போனேன். மூன்று பேர் என்னைப் பிடித்தார்கள். இரண்டு பேர் இடுப்பில். கங்காதரம் என்கிற பாகாலாக்காரன் என் இடது கணுக்காலில். அந்த ஜில்லாவில் அவன் பிடித்த கால் திரும்பி வந்ததில்லை என்று பேச்சு. நான் குப்புற விழுந்தேன். கையை நீட்டினேன். விசில்.

ஒரே சத்தம். நடுவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "கை காட்டுப்பா" என்றார். காட்டினேன். நகக்கண்ணில், விரல் ரேகையில், எல்லாம் வெள்ளை. எங்கள் பக்கம் கையைத் தூக்கினார்.

இதுதான் நான் முப்பது வருஷமாகச் சொல்லிவந்த கதை. எட்டாவது படிக்கும்போது ஹேமா இதையே பள்ளிக்கூடத்து மேடையில் இங்கிலீஷில் சொல்லிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாள்.

3

அந்த மைதானத்தில் இன்னொருவர் இருந்தார். வரதன் சார். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஐயங்கார். நெற்றியில் நாமம், மடியில் தடி நோட்டு. எங்கே கபடி நடந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவார். எல்லோரும் நிழல் இருக்கும் பக்கம் உட்கார்ந்தால் இவர் மட்டும் வெயிலில், தரையோடு தரையாகக் குந்திக்கொண்டு கரித்துண்டால் கிறுக்கிக்கொண்டிருப்பார்.

"இன்னாத்துக்கு சாமி இந்த வெயில்ல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் திருமலையில வாகனம் தூக்கறவா தோளைப் பார்த்துப் பார்த்து வரையக் கத்துண்டவன்ப்பா. அங்கே தோள் கிடைக்கும். கால் வேஷ்டிக்குள்ள போயிடறது. காலுக்காகத்தான் உங்க ஆட்டத்துக்கு வரேன்" என்றார்.

அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் என்னைத் தோளில் தூக்கி ஆடி முடித்ததும் அவர் வந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். "இந்தா, நீ" என்றார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சாமி, கையைக் கொஞ்சம் நீட்டிப் போட்டுக் குடுங்களேன்" என்றேன். "கீழே கையெழுத்துப் போட்டாச்சே. இனிமே தொடறதில்லே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆட்டம்தான் என் வாழ்க்கையைத் திருப்பினது. பாகாலாவில் அதைப் பார்த்த ஒரு காண்டிராக்டர், "கோட்டைத் தொட்டவன் நீதானே? சுண்ணாம்பை விட்டுட்டு எங்கிட்ட வா" என்று திருப்பதிக்குக் கூட்டிப் போனார். புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். சோப்பு, டிவி, சிமெண்டு எல்லாவற்றுக்கும் ரோட்டோரச் சுவரெல்லாம் விளம்பரம், மலைக்கு வரும் தமிழர்களுக்காகத் தமிழிலும். தமிழ் எழுத்தை நான் கற்றது அங்கேதான். வாயால் படிக்கத் தெரிவதற்கு முன்னால் பிரஷ்ஷால் போட்டுவிட்டேன். இப்போது நீங்கள் படிக்கும் எழுத்தும் அப்படி வந்ததுதான்.

ஒரு ஆஸ்பத்திரி காம்பவுண்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு நர்ஸ் நின்று, "மூணாவது வரி சாஞ்சுக்கினு கீது" என்றாள். ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. அவள்தான் சரோஜா. குவைத்துக்குப் போனதும் அவள் விசாவில், பிறகு இங்கே வந்ததும் அவள் விசாவில். விசா உன்னுடையது, உழைப்பு என்னுடையது என்று நான் சொல்வேன். அவள் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

வரதன் சாரின் படத்துக்கு இங்கே வந்த முதல் வருஷம் நானே சட்டம் போட்டேன். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வைக்கும் அட்டையையும் நானே வெட்டினேன். கூடத்துச் சுவரில் இருபது வருஷமாகத் தொங்குகிறது. மார்பு வரைக்கும் தெரியும் ஒரு இளைஞன் தனியாக, தரைக்கு ஒரு முழம் மேலே, பறந்துகொண்டிருப்பான். கை அட்டையின் ஓரத்துக்குள் போயிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

4

ஓவியம் வரைய நகரசபை அனுப்பினது கிளேர் என்ற பெண்ணை. நாற்பது வயது இருக்கும். கால்சட்டை முழுக்கப் பெயிண்டு. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. சுத்தமான துணியோடு வரும் பெயிண்டரை நான் வேலைக்கு எடுப்பதில்லை. அவள் பேசினதை நம் பேச்சிலேயே போடுகிறேன்.

சனிக்கிழமை அவள் இந்த ஊர் ஃபுட்பால் பார்க்கப் போகும்போது நானும் கூடப் போனேன். ஓவியக்காரர்கள் ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். மைதானமே பந்தைப் பார்க்கிறது. இவள் பந்தை உதைத்துவிட்டு நிற்பவனின் இன்னொரு காலைப் பார்க்கிறாள். கோல் விழுந்து எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள். இவள் குனிந்து, தடுக்கப் போய் விழுந்து கிடப்பவனின் முதுகைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நோட்டைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருந்தது.

"இதில் மனுஷன் எங்கே?" என்றேன்.

"மனுஷன் அப்புறம் வருவான். முதலில் எடை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன்" என்றாள்.

"ஜெயித்தவனை வரையமாட்டாயா?"

"ஜெயித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கையைத் தூக்குகிறார்கள். அதற்கு போட்டோ போதும்."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து தச்சு வேலைப் பென்சிலை எடுத்து, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சரோஜாவின் எடை எங்கே இருக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். அவள் வந்து எட்டிப் பார்த்து, "இதுல வெங்காயம் எது, நான் எது?" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அன்றிலிருந்து வேலையாட்கள் ஏணியில் நிற்கும்போது முகத்தைவிடக் கணுக்காலைத்தான் பார்க்கிறேன். மனுஷன் வாயால் சொல்லாததை அது சொல்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளேர் வீட்டுக்கு வந்தாள். நான் விழுந்த மாதிரியே கிடந்து காட்ட வேண்டுமாம். கார் ஷெட்டில் துணி விரித்துப் படுத்தேன். ஐம்பத்தெட்டு வயது. ஹேமா என் இடது காலைப் பிடித்தாள்.

"இழுங்க நைனா! சும்மா படுத்துக்கினு கீறீங்க. ஃபைனல் மாதிரி இல்ல, டிவி பாக்கற மாதிரி கீது."

"பாத்து இழு. இடுப்பு புடிச்சுக்கினா நாளைக்கு எவ தைலம் தேய்க்கிறது?" என்றாள் சரோஜா.

கிளேர் வரைந்துகொண்டே, "கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது? விரல் மடங்கி இருந்ததா, விரிந்திருந்ததா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் பார்க்கலாமே. அட்டை மறைக்கிறது. கழற்றிப் பார்க்கலாமா?" என்றாள்.

"வேணாம்மா, பழைய தாள், கிழிஞ்சுடும்" என்று நான் எழுந்திருப்பதற்குள் ஹேமா உள்ளே போய்ச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிசியோ கை. நான்கு ஆணியையும் ஒரு நிமிஷத்தில் பிடுங்கி, அட்டையை எடுத்துவிட்டாள்.

நான் இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். தனியாகப் பறந்துகொண்டிருந்தவன் பின்னால் மூன்று பேர். அதில் கங்காதரம் இரண்டு கையாலும் என் கணுக்காலைச் சுற்றிப் பிடித்து, கன்னத்தை என் ஆடுசதையில் அழுத்திக்கொண்டு மண்ணோடு கிடக்கிறான். முன்னால் என் கை. விரல் விரிந்திருக்கிறது. அதற்கு அப்பால் வெறும் காகிதம், இரண்டு விரற்கடை அகலம். அதற்கும் அப்பால்தான் கோடு.

5

ஹேமா அந்த வெறும் காகிதத்தில் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "டச் பண்ணலையா நைனா?" என்றாள்.

"அது ஓவியம்மா. வரையறவங்க இஷ்டம்."

கிளேருக்குத் தமிழ் புரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "நானாக இருந்தாலும் இந்த இடைவெளியை விட்டிருப்பேன். கை கோட்டைத் தொட்டுவிட்டால் படம் முடிந்துவிடும். பார்க்கிறவன் கண் ஓட இடம் வேண்டும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ நான் தொட்டிருக்கலாம். படத்துக்காக அவர் விட்டிருக்கலாம்."

"இருக்கலாம். நான் அங்கே இல்லையே" என்றாள்.

"பாத்தியா?" என்றேன் ஹேமாவிடம்.

சரோஜா அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு எதுக்கோ விட்டாரு, சரி. இதை அறுத்தது நீதானே?" என்றாள்.

ஹேமா சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். "அந்தக் கதையைச் சொல்லித்தான் கோப்பை வாங்கினேன், நைனா. அந்தக் கோப்பை இன்னும் என் மேசை மேல் இருக்கிறது." அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலை என்று மெசேஜ் வந்தது.

இப்போது உங்களுக்கு நிஜத்தைச் சொல்கிறேன். நான் தொட்டேனா என்று எனக்கே தெரியாது. கண்ணை மூடியிருந்தேன். வாயெல்லாம் மண். மூன்று பேர் எடை என் மேல். விரல் மரத்துப்போயிருந்தது. நடுவர் கையைத் திருப்பினபோது மற்றவர்களைப் போலத்தான் நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை இருந்தது. ஆனால் பத்து நாள் சுண்ணாம்பு அடித்தவன் நகத்தில் எப்போது வெள்ளை இல்லை? பாகாலா நடுவருக்கு என் தொழில் தெரியாது. கங்காதரம் மட்டும் மண்ணிலிருந்து எழுந்து கத்தினான்: "சார், அவன் சுண்ணாம்பு அடிக்கிறவன் சார்! அவன் கையில எப்பவும் இருக்கும் சார்!" கூட்டத்தின் சத்தத்தில் நடுவருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

படம் சாட்சி சொல்லாது என்று கிளேர் சொல்லிவிட்டாள். வரதன் சாரும் காலமாகிவிட்டார். எனக்குப் பெயர் தெரிந்து மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஊரில் என் அக்கா மகனிடம் சொல்லி நம்பர் வாங்கினேன். கங்காதரம் இப்போது நாயுடுபேட்டையில், ஹைவே ஓரமாக லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறானாம். இங்கே சாயந்தரம், அங்கே மத்தியானம். போன் போட்டேன். லாரி சத்தத்துக்கு நடுவே, "எவரு?" என்று வந்தது.

"நான்தான்டா, விஜயபுரம் ஏழுமலை. பாகாலா ஃபைனல்."

அவன் லாரி சத்தத்திலிருந்து தள்ளி நடப்பது கேட்டது. பிறகு, "சுண்ணாம்பா?" என்றான்.

"ஆமாண்டா."

"ஒரேய், உசுரோட கீறியா! ஆஸ்திரேலியாவுல பெரிய மனுஷனாமே நீ. இன்னா சங்கதி, பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்லடா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் கோட்டைத் தொட்டனா?"

அவன் சிரித்த சிரிப்பில் கடையில் யாரோ "ஏமண்ணா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "முப்பது வருஷம் கழிச்சு இதுக்காடா போன் பண்ணே? தொட்டன்னுதானே கப்பை வாங்கிக்கினு போனே?"

"நீ பாத்தியா?"

"நான் எங்கடா பாத்தேன்? என் மூஞ்சி மண்ணுல பூந்துக்கினு இருந்துச்சு. ஆனா உன் காலு என் கையில இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு."

"எத்தினி பேரைப் புடிச்சிருப்பேன் நானு. கோட்டைத் தொட்டவன் காலு அந்த நிமிஷமே விட்டுப்பூடும். ஈரத்துணி மாதிரி தொங்கிப்பூடும். உன் காலு விசில் அடிச்ச அப்பாலயும் இழுத்துக்கினே இருந்துச்சுடா. அதான் கத்துனேன்."

அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விசில் அடித்த பிறகும் நான் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கோவமாடா?" என்றேன்.

"கப்பு போனதுக்கு இல்லடா. அது இன்னா, பித்தளை. எங்க ஊர்ல அப்பாலிக்கா என்னை 'விட்டவன்'னு கூப்புட ஆரமிச்சாங்க. இன்னிக்கும் வயசானவங்க கூப்புடுவாங்க. நான் விடலடா. அது ஒண்ணுதான்."

"படத்துல கீதுடா" என்றேன். "வரதன் சாரு அன்னிக்கே வரைஞ்சாரு. உன் ரெண்டு கையும் கீது. விடல."

"எனக்கு அதை அனுப்புறியா?" என்றான்.

அட்டையை வெட்டினபோது கோட்டை மறைப்பதில்தான் என் கவனம் இருந்தது. மறுபக்கம் அவன் கையும் போய்விட்டது பற்றி அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

6

மறுநாள் கிளேரிடம் சொன்னேன். இடைவெளி அப்படியே இருக்கட்டும். காலை இன்னும் இழுத்துப் போடு, விரல் நுனி வரைக்கும் விறைப்பாக. பின்னால் பிடித்திருக்கிறவன் கை இரண்டும் முழுதாக, பெரிதாக வர வேண்டும். அவள் காரணம் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொள்ளாமல் கேட்டாள். பிறகு, "அந்தக் கை எப்படி இருக்கும்?" என்றாள். வரதன் சார் படத்தை போட்டோ எடுத்து கங்காதரத்துக்கு அனுப்பி, உன் கையைப் படம் எடுத்து அனுப்பு என்று மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷத்தில் அவன் கைகளின் போட்டோ வந்தது. டியூப் ரப்பர் கறுப்பு, நகமெல்லாம் கிரீஸ். கிளேர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கழுவச் சொல்லாதீர்கள்" என்றாள்.

சுவர் சரி. சுவருக்கு அடியில் வைக்கும் பெயர்த் தகடுதான் தகராறு. சாதனை என்ற வரியை மாற்ற வேண்டும் என்றேன். நகரசபைக்காரர் மரியாதையாக, அதற்குத் திருத்தப் பாரம் தனி என்றார். இன்னொருவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் இந்தப் பகுதியில் வசிப்பவரா என்றார். நாயுடுபேட்டை என்றேன். வெளிநாட்டு நபர் சம்மதப் பாரம் என்று இன்னொன்று வந்தது. அது நாயுடுபேட்டைக்குப் போய், பஞ்சர் கடையில் கையெழுத்தாகி, கிரீஸ் ரேகையோடு திரும்பி வந்தது.

திருத்தப் பாரத்தை நிரப்ப ஹேமாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டேன், சுண்ணாம்பு, கங்காதரம் கத்தினது, நான் வாயைத் திறக்காதது எல்லாம். அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சாதனை?" என்றாள்.

"ஏழுமலை, எட்டவில்லை. கங்காதரம், விடவில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "நைனா, நாட் ரீச்சிங் இஸ் நாட் அன் அச்சீவ்மெண்ட்."

"அப்படியே போடு."

போட்டாள். "திருத்தத்துக்குக் காரணம்னு ஒரு பாக்ஸ் கீது."

"கால் இழுத்துக்கினே இருந்துச்சுன்னு போடு."

"அவங்களுக்குப் புரியாது."

"கிளேருக்குப் புரிஞ்சுது."

இங்கிலீஷில் இரண்டு தடவை அடித்து அழித்தாள். மூன்றாவது தடவை அடித்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு தட்டு எடுத்து வந்து, சரோஜாவிடம் "பசிக்குது, இன்னா கீது?" என்றாள். கோழிக் குழம்பு இருந்தது. எனக்கு முன்னால் அவள் தின்றுவிட்டாள்.

நாலு வாரத்தில் சுவர் முடிந்தது. பந்துக்குத் தாவும் வெள்ளைக்காரன், வலைக்கு மேல் காலால் பந்து அடிக்கும் வியட்நாம்காரன், ஓடும் சோமாலியப் பெண், எல்லோரும் இருக்கிறார்கள். யாருமே ஜெயித்து முடித்தவர்கள் இல்லை, எல்லோரும் பாதியில் நிற்கிறார்கள். நான் பதினாலு அடி நீளத்துக்குக் கிடக்கிறேன். ரயிலுக்குப் போகிறவர்கள் சிலர் அந்த இரண்டு விரற்கடை முன்னால் நின்று, தங்கள் கையை அதற்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரிய சுவர் அல்லவா, அங்கே அது இரண்டு சாண் அகலம்.

கோடு போடுவது மட்டும் பாக்கி இருந்தபோது கிளேர் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள். "நேர்க்கோடு என்றால் உங்கள் வேலை" என்றாள். நூல் கட்டவில்லை. அடிமட்டம் வைக்கவில்லை. பதினாறு அடி ஏணியில் ஏறி, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இறக்கினேன்.

போட்டோ எடுத்து நாயுடுபேட்டைக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "டேய் சுண்ணாம்பு, என் கை ஜோரா வந்துகீதுடா. எங்க ஊரு குரூப்புல போட்டுட்டேன். ஒரு கிழவன்கூட வாயைத் தொறக்கல. உன் மூக்குதான் கொஞ்சம் பெருசாப்பூச்சு. ஆமா, அந்தக் கோட்டை எவன் போட்டது? இன்னா நேரா கீது!"

"நான்தான்டா" என்று பதில் போட்டேன்.